நீர்புகா ஜாக்கெட்: லேபிளில் உள்ள எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழையிலும் குளிரிலும் மலைநடை, கூடார முகாம் என்று போகிறவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட ஆடைக் குறிப்புகளைப் படித்தோம். நல்ல நீர்புகா ஜாக்கெட் ஒன்று போதும், லேபிளில் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்பதுதான் அந்தக் குறிப்புகளின் சாரம். மழைக்கால ஆடைகளைப் பயன்படுத்தியும் பழுதுபார்த்தும் பழகிய எங்களுக்கு இது ஆபத்தான சுருக்கமாகப் படுகிறது. நாள் முழுக்க மழையில் நடக்கிறவர் எந்த ஜாக்கெட் போட்டாலும் ஓரளவு நனைவார். மழையில் நனையாவிட்டால் வியர்வையில் நனைவார். நனைந்த பிறகும் உடம்பில் சூடு தங்குமா என்று பார்த்துத்தான் ஆடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடிதம் நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் எந்தக் குளிர் என்பதைப் பார்ப்போம். உலர்ந்த பனி விழும் மைனஸ் 10 டிகிரியைவிட, மழையும் காற்றும் சேர்ந்த 0 முதல் 10 டிகிரி வரையிலான குளிரில் உடையைச் சமாளிப்பது கடினம். உலர்ந்த பனியை உதறிவிடலாம். மழை துணிக்குள் இறங்கிவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். துணியில் ஊறிய தண்ணீர் ஆவியாகும்போதும் சூட்டைப் பறிக்கும்: ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் தேவை. ஒரு சட்டை 300 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால், அதை உடம்பின் சூட்டிலேயே உலர்த்த 720 கிலோஜூல், அதாவது சுமார் 170 கிலோகலோரி செலவாகும். இதில் காற்றும் சேர்ந்துகொள்ளும். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், உலர்ந்த தோலுக்கே அது 0 டிகிரி போலத்தான் உறைக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா. நடுக்கம், ஜிப்பைக்கூட இழுக்க முடியாத விரல்கள், குழறும் பேச்சு, தடுமாறும் நடை ஆகியவை அதன் அடையாளங்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தன் நிலை பெரும்பாலும் தெரியாது. கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும்.

இனி அந்த எண். 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று லேபிளில் இருப்பது நீர்த்தூணின் உயரம். துணியை இறுக்கிப் பிடித்து ஒரு பக்கம் நீரழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கத்தில் மூன்று இடங்களில் துளி தோன்றும்போது இருக்கும் அழுத்தமே அந்த எண். 10,000 மி.மீ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். விழும் மழை மட்டும் இவ்வளவு அழுத்தம் தருவதில்லை. ஈரப் பாறையில் உட்காரும் இடம், மண்டியிடும் முழங்கால், கனமான முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோள் ஆகியவைதான் துணியை உண்மையில் சோதிக்கின்றன. புதுத் துணியில் 10,000 இருந்தால் பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். கனமான பையோடு பல நாள் நடப்பவருக்கு 20,000 பயன்படும். அதற்கு மேல் எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை.

ஏனென்றால் அந்த எண் பெரும்பாலும் புதுத் துணியின் எண். மழைப் பாதுகாப்பு உடைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 343 இந்த விஷயத்தில் நேர்மையானது. அதன் மூன்றாம் வகுப்புக்குத் தேவை 13,000 பாஸ்கல், அதாவது வெறும் 1,300 மி.மீ. அளவுதான். ஆனால் துணியைத் துவைத்து, உராய்த்து, திரும்பத் திரும்ப மடக்கிய பிறகும் அந்த அளவு தாங்க வேண்டும். தையலும் சோதனைக்கு உட்படும். கடையில் தொங்கும் புது ஜாக்கெட்டின் 20,000-ஐவிட, தேய்ந்த பிறகும் தாங்கும் 1,300 அதிகம் சொல்கிறது என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது எண், வியர்வை ஆவி எவ்வளவு வெளியேறும் என்பது. ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள். இதை அளக்கப் பல முறைகள் உண்டு. ஒரே துணி ஒரு முறையில் 8,000 காட்டும், இன்னொன்றில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேலும் காட்டும். ஆகவே சோதனை முறையின் பெயர் இல்லாமல் இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆர்.இ.டி. என்று குறிப்பிட்டிருந்தால் அது ஆவி வெளியேறுவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் எண். குறையக் குறைய நல்லது: 6-க்குக் கீழே என்றால் மிக நன்று, 13 வரை நன்று, 20-ஐத் தாண்டினால் ஏற்றத்தில் நடக்க உதவாது.

எந்த எண்ணாக இருந்தாலும் ஒரு வரம்பு உண்டு. கனமான பையோடு செங்குத்தாக ஏறுகிறவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கலாம். ஆவி வெளியேற, உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். கொட்டும் மழையில் வெளிக்காற்று ஏற்கெனவே நிறைந்த ஈரத்தோடு இருக்கும். ஜாக்கெட்டின் வெளித்துணியும் நனைந்துவிட்டால் ஆவி போக வழியே கிடையாது. அதனால்தான் அக்குளுக்குக் கீழே 25 முதல் 40 செ.மீ. நீளத்துக்கு ஜிப் வைத்த ஜாக்கெட்டை நாங்கள் விரும்புகிறோம். விலை உயர்ந்த சவ்வு செய்யாத வேலையை அந்தத் திறப்பு செய்துவிடும். மழைக்குப் பயந்து அதை மூடியே வைத்திருப்பவர்கள் ஏராளம். கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது அந்த இடத்தில் மழை படுவது மிகக் குறைவு.

சவ்வு என்று நாங்கள் சொல்வது துணியின் உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். 1969-இல் ராபர்ட் கோர், பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் நிறைந்த படலமாக விரிந்தது. அதுதான் கோர்டெக்ஸ் என்ற நீர்புகா சவ்வின் தொடக்கம். 1976-இல் அது ஆடை வணிகத்துக்கு வந்தது. அந்தத் துளை நீர்த்துளியைவிடச் சுமார் 20,000 மடங்கு சிறியது, நீராவி மூலக்கூறைவிடச் சுமார் 700 மடங்கு பெரியது என்பது அதைத் தயாரிக்கும் கோர் நிறுவனம் தரும் கணக்கு. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் பெரும்பாலும் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். அது மோசமான பொருள் அல்ல. ஆனால் ஈரத்தோடும் சூட்டோடும் மடித்து வைத்தால் சில ஆண்டுகளில் பூச்சு பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். உரியத் தொடங்கிய பூச்சைச் சரிசெய்ய வழி இல்லை.

அடுத்தது, இந்த விஷயத்திலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பகுதி. புது ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும். அது சவ்வின் வேலை இல்லை. வெளித்துணி இழைகளின் மேல் உள்ள நீர்விலக்குப் பூச்சின் வேலை. தோள், முன்கை, இடுப்பு என்று பைப்பட்டை உரசும் இடங்களில்தான் இது முதலில் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் வெளித்துணி தண்ணீரைக் குடித்து நிறம் கறுத்து, தோலோடு சில்லென்று ஒட்டிக்கொள்ளும். சவ்வு நன்றாகத்தான் இருக்கும், மழை உள்ளே வந்திருக்காது. ஆனால் ஆவி வெளியேறும் வழி அடைபட்டு, உள்பக்கம் வியர்வை நீர்த்துளிகளாகப் படியும். போட்டிருப்பவருக்கு ஜாக்கெட் ஒழுகுவது போலத்தான் தோன்றும். வீணாகப் போய்விட்டது என்று ஒதுக்கப்படும் ஜாக்கெட்டுகளில் பல இப்படித்தான் ஒதுக்கப்படுகின்றன.

ஒழுகலா வியர்வையா என்று பிரித்தறிவது எளிது. ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். முன்கை, முதுகு, மார்பு முழுவதும் ஒரே சீராக ஈரம் படர்ந்திருந்தால் வியர்வை. தோள் தையல் ஓரமாகக் கோடு போலவோ, பட்டை அழுத்தும் இடத்தில் திட்டாகவோ, முன் ஜிப்பை ஒட்டிச் செங்குத்தாகவோ ஈரம் இருந்தால் ஒழுகல். வீட்டிலேயே சோதிக்கலாம். உள்ளே வெளிர் சாம்பல் நிறப் பருத்தி பனியன் போட்டு, தலைமூடியை இறுக்கிக்கொண்டு ஷவருக்குக் கீழே 10 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கடைசி 2 நிமிடம் கையைத் தூக்குங்கள், தோளை உள்ளங்கையால் அழுத்துங்கள். வெளியே வந்து உடனே ஜாக்கெட்டைக் கழற்றினால், தண்ணீர் புகுந்த இடம் பனியனில் கறுத்துத் தெரியும். பருத்தி பனியன் நல்லவிதமாகப் பயன்படும் இடம் இது ஒன்றுதான்.

நீர்விலக்குப் பூச்சில் இப்போது பெரிய மாற்றம் நடக்கிறது. நீண்டகாலமாக இதற்கு ஃபுளோரின் சேர்ந்த பி.ஃபாஸ் வகை வேதிப்பொருள்களைப் பயன்படுத்தினார்கள். அவை சூழலில் எளிதில் சிதைவதில்லை என்பதால் படிப்படியாகத் தடை வருகிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் இவை சேர்ந்த புதுத் துணிகளை விற்கத் தடை. கடும் மழைக்கான வெளிப்புற ஆடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் உண்டு. தடை தேவையானதே. ஆனால் வாங்குபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபுளோரின் இல்லாத புதிய பூச்சுகள் தண்ணீரை நன்றாகவே விலக்கும். எண்ணெயை விலக்காது. தோலின் எண்ணெய்ப்பசை, சன்ஸ்கிரீன், அடுப்புப் புகையின் கரி ஆகியவை படிந்த இடத்தில் பூச்சு சீக்கிரம் செயலிழக்கும். ஆகவே இவ்வகை ஜாக்கெட்டை முன்னைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் கெட்டுவிடும் என்ற பழைய பயம் இங்கே நேரெதிரான விளைவைத் தரும்.

துவைக்கும் முறை: ஜிப், வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, நாடாக்களைத் தளர்த்தி, 30 அல்லது 40 டிகிரி நீரில், இதற்கென்றே உள்ள திரவ சோப்பில் துவையுங்கள். அது இல்லாவிட்டால் வாசனையும் மென்மையூட்டியும் சேராத திரவ சோப்பைச் சிறிதளவு பயன்படுத்தலாம். தூள் சோப்பும் ஃபேப்ரிக் கண்டிஷனரும் வேண்டவே வேண்டாம். அவற்றின் எச்சம் இழையில் தங்கித் தண்ணீரை வரவேற்கும். இரண்டு முறை அலசுங்கள். பிழிந்து முறுக்காமல் தொங்கவிட்டு உலர்த்துங்கள். உலர்ந்த பின் ட்ரையரில் மிதமான சூட்டில் 20 நிமிடம் ஓட்டினால் பழைய பூச்சு மீண்டும் உயிர்பெறும். ட்ரையர் இல்லையென்றால், மேலே ஒரு துண்டை விரித்து, ஆவி விடாமல் இளஞ்சூட்டில் இஸ்திரி போடலாம். உள்ளே உள்ள பராமரிப்புக் குறியீட்டில் இதற்குத் தடை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்தாக உருளாமல் தட்டையாகப் படர்ந்தால்தான் புதுப் பூச்சு தேவை. தண்ணீரில் கலந்து துவைக்கும் பூச்சைவிட ஸ்பிரேதான் எங்கள் தேர்வு. முன்னது உள்பக்கத்திலும் படியும். ஸ்பிரேயைத் தோளுக்கும் கைக்கும் கூடுதலாக அடிக்கலாம்.

கடையில் என்ன பார்ப்பது? முதலில் உள்பக்கம். எல்லாத் தையலின் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் தலைமூடியிலும் மட்டும் ஒட்டி மற்றதை விட்டுவிட்ட ஜாக்கெட்டுகளும் விற்கின்றன. ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழையும் வழி என்பதால் குளிர் மழைக்கு அவை வேண்டாம். அடுக்கையும் கவனியுங்கள். மூன்றடுக்குத் துணியில் சவ்வின் உள்பக்கம் மெல்லிய துணி ஒட்டியிருக்கும். அதிகம் உழைக்கும், வியர்வையும் அவ்வளவாகப் பிசுபிசுக்காது. இரண்டரை அடுக்கு என்பதில் உள்துணிக்குப் பதில் ஒரு மெல்லிய அச்சுப் பூச்சு மட்டும் இருக்கும். 200 முதல் 300 கிராம் எடையில் பைக்குள் சுருண்டு கிடக்கும், அவசரத்துக்கு நல்லது. நாள்தோறும் போட்டு நடக்க 400 முதல் 600 கிராம் எடையுள்ள மூன்றடுக்கு ஜாக்கெட்டுதான் தாங்கும். வெளித்துணி இழையின் தடிமனைச் சொல்லும் டெனியர் எண்ணும் உதவும்: 20, 30 என்றால் முள்ளுக்கும் பாறைக்கும் தாங்காது, 40 முதல் 80 வரை என்றால் தாங்கும்.

தலைமூடிக்கு நாங்கள் அதிக நேரம் ஒதுக்கச் சொல்கிறோம். அதை அணிந்து, பின்பக்க நாடாவையும் பக்க நாடாக்களையும் இறுக்கி, தலையை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். தலைமூடி முகத்தோடு கூடவே திரும்ப வேண்டும். ஒரு கண் துணியைப் பார்த்தால் அந்த ஜாக்கெட் வேண்டாம். மழையில் ஓடையைக் கடக்கும்போது பக்கவாட்டுப் பார்வை மறைவது காலை இடறிவிடும். முன்விளிம்பில் வளைத்து வைக்கக்கூடிய கம்பியோ கெட்டியான விளிம்போ இருக்க வேண்டும். இல்லையென்றால் நெற்றியில் வழியும் நீர் கன்னம் வழியாகக் கழுத்துக்குள் இறங்கும். ஜிப்பை முழுதாக மேலே இழுத்தால் தாடை மறைய வேண்டும்.

அதன் பின், உள்ளே போடப்போகும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் (கம்பளி போன்ற மென்மையான செயற்கைத் துணி) உடையோடு சேர்த்து ஜாக்கெட்டைப் போட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். இடுப்பு தெரியக்கூடாது, மணிக்கட்டும் தெரியக்கூடாது. பாக்கெட்டுகள் முதுகுப்பையின் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். முன் ஜிப் பூச்சுப்போட்ட நீர்தடுப்பு ஜிப்பாக இருந்தால், அதன் பின்னால் உள்மடிப்பு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பூச்சு மடிப்பில் வெடித்துப் பிறகு கசியும். வெளியே அகலமான மடிப்புத் துணி வைத்துச் சாதாரண ஜிப்பை மறைத்திருப்பது பழைய முறை. கனம் கூடினாலும் நீண்ட நாள் உழைப்பது அதுதான்.

மணிக்கட்டில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரை நனைப்பது இதுதான். உள்ளே போட்ட சட்டையின் கை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிந்தாலும் போதும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் துணி தண்ணீரை முழங்கை வரை மேலே இழுத்துவிடும். ஜாக்கெட்டுக்குக் கீழே தொங்கும் சட்டை விளிம்பும், உள்ளிருந்து நீளும் நாடாவும் இதையேதான் செய்யும். உள்சட்டையின் கையை இரண்டு விரற்கடை மேலே சுருட்டிவிட்டு அதன் மேல் வெல்க்ரோவை இறுக்குங்கள். கோல் ஊன்றி நடக்கும்போது கை கீழே இருக்கும், ஆகவே கையுறையின் வாய் ஜாக்கெட் கைக்கு உள்ளே போகட்டும். கையைத் தூக்கிப் பாறையில் ஏறும்போது கையுறை வெளியே வரட்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

காற்சட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தொடை நனைந்தால் உடம்பு வேகமாகக் குளிரும். மழைக்காற்சட்டையின் பக்க ஜிப் குறைந்தது முழங்கால் வரை திறக்க வேண்டும். முழு நீளமும் திறந்தால் இன்னும் நல்லது. பூட்ஸைக் கழற்றாமல் போட முடியாத காற்சட்டையை மழை தொடங்கியதும் யாரும் போடுவதில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நனைந்துவிடுகிறார்கள். கணுக்காலை மூடும் கெய்ட்டரைக் காற்சட்டைக்கு உள்ளே போட்டால் வழியும் நீர் பூட்ஸுக்கு வெளியே விழும். ஆழமான சேற்றிலும் பனியிலும் மட்டும் வெளியே போடுங்கள்.

சவ்வு வைத்த நீர்புகா பூட்ஸ் ஈரப் புல்லுக்கும் சிறு குட்டைக்கும் நல்லது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் புகுந்துவிட்டால் அதே சவ்வு தண்ணீரை உள்ளேயே பிடித்து வைக்கும். குளிரில் அது காய நாட்கள் ஆகலாம். ஓடைகளை அடிக்கடி கடக்கும் பாதையென்றால், சவ்வு இல்லாத, சீக்கிரம் வடியும் காலணியும் கனமான கம்பளிக் காலுறையும்தான் மேல். 15 டிகிரிக்குக் கீழே பாதம் நாள்கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் உறைபனி இல்லாமலே நரம்பும் தோலும் பாதிக்கப்படும். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது இதுதான். இரவில் காலைத் துடைத்து, உலர்ந்த காலுறை போட்டு, பாதத்துக்குச் சில மணி நேரமாவது உலர்வு கொடுப்பது அவசியம். இறுக்கமான கயிறு இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால் தடித்த காலுறைக்கு இடம் இருக்கும் அளவில் பூட்ஸ் வாங்குங்கள்.

கையுறையில் சவ்வும் பஞ்சும் ஒன்றாகத் தைத்தவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது, ஈரக்கையை உருவும்போது உள்துணியும் கூடவே வந்துவிடும். மெல்லிய கம்பளிக் கையுறை இரண்டு மூன்று ஜோடி, அவற்றின் மேலே தளர்வான நீர்புகா உறை ஒன்று என்று பிரித்து வைத்தால் உள்கையுறையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். ஒரு அளவு பெரிதான சாதாரண ரப்பர் கையுறைகூட மேலுறையாக நன்றாக வேலை செய்கிறது.

உள்ளே போடுவது ஜாக்கெட்டைவிட முக்கியம். உடம்போடு ஒட்டும் சட்டை பருத்தியாக இருக்கக்கூடாது, ஜீன்ஸும் கூடாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டி, காயாமல் கிடந்து சூட்டை உறிஞ்சும். மெரினோ கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் ஏற்றுக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. மெதுவாகக் காயும் என்பது அதன் குறை. பாலியெஸ்டர் இழை ஈரத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, ஆகவே சீக்கிரம் காய்ந்துவிடும், நாற்றமும் சீக்கிரம் பிடிக்கும். மேலே சதுர மீட்டருக்கு 100 அல்லது 200 கிராம் எடையுள்ள ஃப்ளீஸ். ஃப்ளீஸ் நனைந்தாலும் பிழிந்துவிட்டுப் போடலாம். இறகு ஜாக்கெட் நனைந்தால் கட்டி தட்டிச் சூடு காக்கும் தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடும். ஆகவே குளிர்மழைக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததே ஏற்றது. அதை ஒரு அளவு பெரிதாக வாங்கினால், ஓய்வெடுக்கும்போது நனைந்த ஜாக்கெட்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். கழற்றி மாட்டும் நேரத்தில் இழக்கும் சூடு மிச்சமாகும்.

நடக்கும்போது கொஞ்சம் குளிர்கிறாற்போல் இருக்கும் அளவுக்கே உடுத்துங்கள். ஏற்றம் தொடங்குமுன் ஃப்ளீஸைக் கழற்றுங்கள், வியர்த்த பின் கழற்றுவதில் பாதிப் பயன்தான். மழை பலமாகும் வரை காத்திராமல், முதல் தூறலிலேயே ஜாக்கெட்டைப் போடுங்கள். அதிகம் அசையாதவர் விஷயம் வேறு. மீன்பிடிப்பவர், படகில் உட்கார்ந்திருப்பவர், காவலுக்கு நிற்பவர் இவர்களுக்கெல்லாம் வியர்வை குறைவு. ஆவி போகாத கனமான பி.வி.சி. கோட்டு இவர்களுக்கு எந்தச் சவ்வையும்விட நன்றாக உழைக்கும். முதுகில் சுமந்து செல்லப்படும் குழந்தையும் இந்தக் கணக்கில்தான் வரும். சுமப்பவர் வியர்த்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை குளிரில் விறைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கு ஆவி போகும் துணியைவிடத் தடித்த கம்பளியும் முழு மறைப்பும் தேவை. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். காற்று இல்லாத காட்டுப் பாதையில், தலைவழியே மாட்டும் தளர்வான மழைப்போர்வையான போஞ்சோ மிகச் சிறந்த காற்றோட்டம் தரும், பையையும் மூடும். திறந்த மலைமுகட்டில் காற்று அதைத் தூக்கி முகத்தில் அடிக்கும், அங்கே வேண்டாம்.

பையின் மேல் போடும் உறையை நம்பி உள்ளே எதையும் விட்டுவிடாதீர்கள். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து எல்லாவற்றையும் அதற்குள் வையுங்கள். இரவுக்கான சட்டை, காற்சட்டை, காலுறை மூன்றும் ட்ரை பேக் எனப்படும் தண்ணீர் புகாத தனிப் பையில் இருக்கட்டும். காலையில் எழுந்ததும் மனமில்லாவிட்டாலும் நேற்றைய ஈர உடையையே மறுபடி போட்டு நடக்க வேண்டும். உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினால் மறு இரவு மாற்ற எதுவும் இருக்காது.

பழுதுபார்ப்பு பற்றியும் சில வரிகள், ஏனென்றால் சரிசெய்யக்கூடிய ஜாக்கெட்டுகளை நிறையப் பேர் தூக்கி எறிகிறார்கள். சிறு கிழிசலுக்கு, அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, ஒட்டுத்துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டி, கிழிசலைச் சுற்றி ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் மூடும்படி ஒட்டுங்கள். கூர்மையான மூலை முதலில் பெயரும். ஒரு நாள் ஈரம் படாமல் வைத்திருங்கள். பெயர்ந்த தையல் டேப்புக்கு யூரித்தேன் பசையை மெல்லியதாகத் தடவி இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். சிலிக்கோன் பூசிய துணிக்குச் சிலிக்கோன் பசை மட்டும்தான் பிடிக்கும், மற்றவை உரிந்து வந்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜாக்கெட்டுகளை ஒப்பிட்டு வெளியிடும்போது, மி.மீ. எண்ணோடு கூடவே ஆவி எண்ணின் சோதனை முறை, எல்லாத் தையலிலும் டேப் உண்டா என்பது, அக்குள் ஜிப் உண்டா என்பது, அடுக்கு, எடை, வெளித்துணியின் டெனியர், பூச்சில் ஃபுளோரின் உண்டா இல்லையா என்ற விவரங்களையும் ஒரு பத்தி சேர்த்து அச்சிடுங்கள். ஆறு மாதம் பயன்படுத்தித் துவைத்த ஜாக்கெட்டை ஷவரில் நிறுத்திப் பார்த்த முடிவும் அதில் இருந்தால் வாசகர்களுக்கு மிகவும் உதவும்.

இப்படிக்கு,
மழைக்கால மலைநடை வழிகாட்டிகளும் ஆடை பழுதுபார்ப்பவர்களுமான வாசகர்கள் சிலர்